பம்ப் ஹவுஸ்காரியின் முழங்கால்

மார்ச் 4, செவ்வாய்

இவள் மறுபடியும் முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டாள். டாக்டர் என்னைத்தான் முறைத்தார். "ஏன் சார், வீட்ல நீங்க எடுத்துச் சொல்லக்கூடாதா?" என்றார். சொல்வதாம்! ஊருக்கே தண்ணீர் அனுப்புகிற பம்ப் ஹவுஸில் ஃபோர்மேன் என் பெண்டாட்டி. அங்கே மோட்டாரே இவள் சொன்னால்தான் சுற்றும். நான் எம்மாத்திரம்?

கூட வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அந்த இடங்கள் அப்படியே காலி. விளம்பரம் கொடுக்கிறார்கள், மீட்டிங் போடுகிறார்கள், வேலை தெரிந்த ஆள் மட்டும் வருவதில்லை. "நான் படுத்துட்டா அங்க யாருங்க பாக்குறது?" என்கிறாள். முழங்காலுக்குக் களிம்பு தடவினேன். அவள் வலியில் பல்லைக் கடித்தாள், நான் கோபத்தில்.

மார்ச் 6, வியாழன்

இன்றும் ஒருவர் எங்கள் மாடியை வாடகைக்குக் கேட்டார். ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுக்கிற புரோக்கரின் மாடியே பூட்டிக் கிடக்கிறதே என்று கிண்டல் வேறு.

யாரிடம் போய்ச் சொல்வது? மகன் கல்யாணமாகிப் போனபின் சாயங்கால டீ எங்களுக்கு அங்கேதான். இவளால் படியேற முடியாமல் போனதிலிருந்து நானும் ஏறுவதில்லை. தனியாகப் போய் உட்கார்ந்து என்ன செய்ய? கால் சரியாகட்டும், அதுவரை பூட்டியே இருக்கட்டும்.

மார்ச் 10, திங்கள்

பம்ப் ஹவுஸுக்குப் புது ஆள் வந்தாச்சு! "தங்கமான ஆளுங்க. சத்தத்தைக் கேட்டே பேரிங் போச்சுன்னு சொல்லிடுச்சு. ஒரு மாசம் கூட இருந்தா போதும், தைரியமா விட்டுட்டு வந்துடலாம். டாக்டர்கிட்ட தேதி வாங்குங்க" என்றாள். வாங்கிவிட்டேன். அந்த மகராசன் நல்லா இருக்கணும்.

மார்ச் 13, வியாழன்

கடையில் நல்ல கூட்டம். வீடு பார்க்க ஒரு பெண் வந்தாள், முப்பது வயதிருக்கும். தோள்பையில் மஞ்சள் ஹெல்மெட் ஒன்று தொங்கியது. "சார், எனக்கு ஷிஃப்ட் வேலை. சில நாள் விடியக்காலையிலதான் வருவேன்—" அவ்வளவுதான், கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். என்னிடம் இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டு: நேரங்கெட்ட நேரத்தில் கேட்டைத் திறக்கிற ஆள் வேண்டாம்.

"அந்த மாதிரி வீடு நம்மகிட்ட இல்லைம்மா." எங்கே வேலை என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் எனக்குப் போன் வந்துவிட்டது. நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 17, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

புது ஆள் வேலையை விட்டாயிற்றாம். சாப்பிடும்போது சொன்னாள். "தங்க வீடே கிடைக்கலையாம். தங்கச்சி வீட்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்துட்டிருந்துச்சு, பாவம். எவனோ ஒரு புரோக்கர், வாயைத் திறக்கவே விடலையாம். மஞ்சள் ஹெல்மெட்டைக் கையில வச்சுக்கிட்டு அழாத குறையா நின்னுச்சு அந்தப் பொண்ணு."

பொண்ணா!

எனக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டினாள், தண்ணீர் கொடுத்தாள். "யாரோ உங்களை நினைக்கிறாங்க" என்றாள். நினைக்கவில்லை, திட்டுகிறார்கள் என்பது எனக்கல்லவா தெரியும்.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சிரித்தாள் பாருங்கள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. திட்டியிருந்தால் தேவலை.

"ஆளே இல்லை, ஆளே இல்லைன்னு நாங்க அங்க தலையைப் பிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். வந்த ஆளை நீங்க கடை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டீங்களே!" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விந்தி விந்தி ஷிஃப்டுக்குக் கிளம்பினாள்.

என் ராசாத்தியை இந்த வலியோடு நானே வேலைக்கு அனுப்பிவிட்டேன். அதை நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது.

மார்ச் 19, புதன்

தெரிந்த வீட்டுக்காரர் ஒருவர் விடாமல் கேட்டுப் பார்த்தேன். யாரும் மசியவில்லை. ஒருவர், "தண்ணி ஆபீஸ் ஆளா? அப்ப எங்க தெருவுல பிரஷர் கம்மின்னு சொல்லிடுங்க" என்றார். தலையில் அடித்துக்கொண்டு மாடிச் சாவியைத் தேடினேன்.

இவளிடம் கேட்டேன். முகம் வாடிவிட்டது. "அது நம்ம இடமாச்சேங்க."

"நீ ஏறி வந்தாத்தானே அது நம்ம இடம்?"

சாவியை எடுத்து நீட்டினாள். "ஜன்னல் கொக்கி சரியில்ல, மாத்திக் குடுங்க" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். நான் யாரென்று சொன்னதும், "அன்னிக்கு வீடு இல்லைன்னீங்களே?" என்றாள். "இப்ப இருக்கும்மா." "எங்க?" "என் தலைக்கு மேல."

நேரங்கெட்ட நேரத்தில் கேட்டைத் திறக்கலாம், எண்ணெய் போட்டு வைக்கிறேன் என்றேன். அப்போதுதான் சிரித்தாள். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்ததை எஞ்சினியர் இன்னும் மேலே அனுப்பவில்லையாம். நல்லவேளை, சோம்பேறி மனுஷன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. மயக்கம் தெளிந்ததும், நான் பக்கத்தில் மலை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், என்னைப் பார்த்து முதலில் கேட்டது: "ரெண்டாவது மோட்டார் ஓடுதா?"

ஓடுகிறதடி, தாயே.

ஏப்ரல் 21, திங்கள்

வீட்டில் படுத்துக்கொண்டு போனையே பார்க்கிறாள். மணி அடிப்பதில்லை. "ஒருத்தருக்கும் என் ஞாபகமே இல்லை" என்று மூக்கை உறிஞ்சுகிறாள். எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் சும்மா பிய்த்துக்கொண்டு கொட்டியது. காதைத் தீட்டிக் கேட்டாள். "ம்... பரவாயில்லை, பாத்துக்குறா" என்று திரும்பிப் படுத்துவிட்டாள். பெருமையா, பொறாமையா? ரெண்டும்தான்.

மே 25, ஞாயிறு

பம்ப் ஹவுஸுக்கு இன்னொரு ஆள் சேர்ந்திருக்கிறது. தெருக்கோடி வீட்டிலேயே குடிவைத்துவிட்டேன். முரண்டு பிடித்த வீட்டுக்காரரிடம் ஒரே கேள்வி கேட்டேன்: "குழாய்ல தண்ணி வரணுமா, வேண்டாமா?" மனிதர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பெருமையை இவளிடம் அடித்துக்கொள்ளலாம் என்று வேகமாக வந்தால் நாற்காலி காலி. கைத்தடி மட்டும் சுவரில் சாய்ந்திருக்கிறது. சமையலறையில் இல்லை, கொல்லையில் இல்லை.

மேலேயிருந்து சத்தம். ஏதோ ஒரு வால்வை வைத்து ரெண்டு பேரும் சண்டை. "அக்கா, நீங்க லீவுல இருக்கீங்க, ஞாபகம் இருக்கா?" என்கிறது அந்தப் பெண்.

மாடியில்! கைத்தடி இல்லாமல்!

"என்னங்க, வந்துட்டீங்களா? மேல வாங்க, டீ ஆறுது."

படியேறும்போதே கண் நிறைந்துவிட்டது. "ஏன், என்னாச்சு?" என்று கேட்டாள். மூச்சு வாங்குது என்றேன்.