கட்டடத்தில் ஒரேயொரு சொந்தக்காரி

அளவெட்டி,
ஆடி 2024

அன்பு மருமகள் பிரதீபாவுக்கு,

ஏழு கடலும் எழுபது குளிரும் தாண்டி ரொறன்ரோவில் இருக்கிற நீயும் லோஜனும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேணும் என்று எங்கடை ஊர்ப் பிள்ளையாருக்கு நித்திய ஆக்கினை குடுத்துக்கொண்டிருக்கிறேன், அவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் திடமாக இருக்கிறோம். முதலில் ஒரு பெருமூச்சு விடு பிள்ளை. வீடு உன்ரை பேருக்கு மாறிவிட்டது. மருதனார்மடத்துத் தொடர்மாடியில் அம்மா இருக்கிற மூன்றாம் மாடி வீட்டுக்கு வெள்ளிக்கிழமை நொத்தாரிசு முன்னால் நன்கொடை உறுதிப் பத்திரம் முடித்தோம், உன் கலியாணத்தில் சபையறியச் சொன்ன சீதனம் ஒருவழியாகச் சீதனமாகிவிட்டது. அம்மாவுக்குச் சீவிய உருத்தும் எழுதியிருக்கு, அதாவது அவ இருக்கும்வரை அந்த வீட்டிலிருந்து அவவை எமனைத் தவிர ஒருவரும் எழுப்ப ஏலாது. போனில் நான் ஏன் இவ்வளவு நாளும் மழுப்பினேன் என்று கோவிச்சிருப்பாய். இரண்டு உலக யுத்தத்தையும் ஒரு கார் விடுகிற இடத்துக்குள் நடத்தினால் எப்படியோ அப்படி இருந்தது இங்கே.

சங்கதி இதுதான். கட்டடக் கொமிற்றியிடம் ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார் நொத்தாரிசு. கொமிற்றித் தலைவர் கனகலிங்கத்தார் உனக்குத் தெரியும்தானே, நாலாம் மாடி, வல்வெட்டித்துறை ஆள், ஒருகாலம் கப்பலில் கணக்குப் பார்த்தவர், கட்டடமும் மிதக்குது என்றே இப்பவும் நினைப்பு. அவர் சொன்னார், பேர் மாறினால் புதுச் சொந்தக்காரர்தானே, வெளியாள் வாங்கினால் கட்டுகிற பேர்மாற்றக் காசை மகளும் கட்ட வேணும், அதுக்குப் பிறகு தாய் வெறுமனே குடியிருக்கிற ஆள், கூட்டத்தில் கை உயர்த்த ஏலாது, மொட்டைமாடியில் மிளகாய் காயப்போடுகிற உரிமையும் இல்லை என்று. காசு கிடக்கட்டும், அந்த மொட்டைமாடிக் கதைதான் உன் அம்மாவை முறிச்சது. காய்ந்தும் காயாத மிளகாயைப் பாயோடு சுருட்டிக்கொண்டு கீழே வந்திட்டா. என்ரை வீட்டிலை நான் என்ன வாடகைக்காரியோடா தம்பி, உறுதியும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், நான் கண்மூடினாப்பிறகு அவள் வந்து எடுக்கட்டும் எண்டா. அன்றைக்கு அவ அழுத அழுகைக்கு மழையில்லாமலே வழுக்கியாறு ஓடியிருக்கும். உன் அப்பா இல்லாத இடத்தில் நிற்கிற நான் அவவுக்கு எழுது என்று சொல்வதா, உனக்கு இல்லை என்று சொல்வதா, அதுதான் போனில் மழுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். அக்காவின் படைத்தளபதியாக நானும் போனேன், வாய் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தா, ஆகையால் இமயமலை போல ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் எழுந்தருளியிருந்தேன். கனகலிங்கத்தார் எழும்பி, இதை வாக்குக்கு விடுவம், ஆனால் உறுதியிலை பேர் உள்ள ஆக்கள் மட்டும்தான் கை உயர்த்தலாம் எண்டார். அதிலே இமயமலை பிளந்துவிட்டது. தலைவர், கையை எண்ணுறதுக்கு முதல் ஆர் ஆருக்குக் கை இருக்கெண்டு ஒருக்காப் பாப்பமே எண்டேன். இரண்டாம் மாடி லூர்த்தம்மா மெல்ல, எங்கடை வீடு மகள் றஜிதாவின்ரை பேரிலை, அவள் லண்டனிலை எண்டா. பக்கத்திலிருந்த மாஸ்ரர், என்ரையும் மெல்பேணிலை இருக்கிற மகளின்ரை பேரிலை எண்டார். அப்படியே கதிரைக்குக் கதிரை போனது பார், அத்தனை பேரும் மகளுக்குச் சீதனம் எழுதிக் குடுத்துவிட்டு கட்டடப் பராமரிப்புக்கு மாதக் காசு கட்டிக்கொண்டிருக்கிற தாய் தகப்பன். கனகலிங்கத்தார் தொண்டையைச் செருமினார். பின்னாலிருந்து அவரின்ரை மனிசி பாலேஸ்வரி, என்னத்தைச் செருமுறியள், எங்கடையும் பிரசாந்தியின்ரை பேரிலை எல்லோ, உங்களுக்கும் கை இல்லை, இருங்கோ எண்டா. வேலியே இல்லாத கட்டடத்தில் எல்லைச் சண்டை பிடிக்க எங்கடை ஆக்களுக்குத்தான் தெரியும், ஆனால் தாங்களே எல்லைக்கு வெளியே நிற்கிறதை அன்றைக்குத்தான் கண்டார்கள்.

உறுதியில் தன் பேர் இருந்தது உன் அம்மா ஒராளுக்குத்தான், அதுவும் உனக்கு இன்னும் எழுதாதபடியால். எழும்பினா மகாராணி மீனாம்பிகை. நினைத்திருந்தால் தலைவரை நாலாம் மாடியிலிருந்து இறக்கி வாசற்காவலுக்கு விட்டிருக்கலாம், நான் கண்ணும் காட்டினேன், அவ என்ரை பக்கம் திரும்பவேயில்லை. பெத்ததுகள் பிள்ளைக்கு எழுதினா பேர்மாற்றக் காசு இல்லை, வெளியாளுக்கு வித்தா வாங்கினவர் கட்டட்டும், உறுதி ஆரின்ரை பேரிலை எண்டாலும் வீட்டிலை இருக்கிற தாய் தேப்பனுக்குக் கையும் இருக்கு மொட்டைமாடியும் இருக்கு, கனகலிங்கண்ணைக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன் எண்டு கையை உயர்த்தினா. ஏகமனதாக நிறைவேறியது. கடிதம் அந்த இடத்திலேயே கைக்கு வந்தது, அடுத்தநாள் காலமை மிளகாய்ப் பாயின் மற்றத் தலைப்பைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டவர் வேறு யாருமில்லை, கனகலிங்கத்தார்தான். வெள்ளிக்கிழமை நொத்தாரிசு, அம்மா வடிவா யோசிச்சுத்தானே எண்டு கேட்க, ஓம் ஓம், பேனையைத் தாங்கோ, மிளகாய் வெயிலிலை கிடக்கு எண்டா. அவ கையெழுத்து வைத்ததோடு அந்தக் கட்டடத்தில் ஒரு சொந்தக்காரரும் இல்லை பிள்ளை, எல்லாரும் அம்மா அப்பாதான்.

மாதக் காசை நான் கட்டுறன் என்று அவவோடை மல்லுக்கு நிற்காதே, அதைக் கட்டி ரசீது வாங்குகிறதில் அவவுக்கு ஒரு பெருமை இருக்கு. குளிர் தொடங்கினால் காதை மூடு, லோஜனை மெல்லமாகக் கார் ஓடச் சொல்லு. உங்கள் இரண்டு பேருக்கும் பதினாறு பேறும் கிடைக்கட்டும், கூடக் கிடைத்தால் மாமாவுக்கும் ஒன்று அனுப்பு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, என்ரை இடத்தில் அம்மா கை உயர்த்தலாம் என்று நீ ஒரு கடிதம் எழுதி அனுப்ப வேணும், வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாரிடமும் கேட்டிருக்கு, உன்னுடையதுதான் முதலில் வர வேணும். அந்த மிளகாய் இடித்த தூள் பார்சலில் வருகுது.

இப்படிக்கு,
உறுதியில் எங்கும் பேர் இல்லாத, ஆனாலும் குடாநாடு முழுவதையும் ஆளுகின்ற உன் தாய்மாமன்,
நமசிவாயம்