கடலுக்கடியில் அம்மா

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை, புதுக் கம்பி எதுவும் போடவில்லை. இங்கே யாரும் ஒரு திருகைக்கூடத் திருப்பவில்லை. படங்கள் திடீரென்று எப்படி அவ்வளவு வேகமாக வந்தன என்று நேற்று போனில் நீ அதைத்தான் கேட்டாய். அப்புறம் சொல்றேன் என்று வைத்துவிட்டேன். போனில் நமக்கு வருவதெல்லாம் இரண்டே வார்த்தை. கிடைச்சுதா. கிடைச்சுது. மற்றதற்குத் தாள் வேண்டியிருக்கிறது.

முதலில் அம்மா. நன்றாகத் தூங்கினாள். காலையில் தலைவலி இல்லை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் தன் வயதை ஒன்று கூட்டிப் போட்டிருப்பதாகச் செவிலியிடம் சண்டை. திருத்திய பிறகுதான் மாத்திரையை விழுங்கினாள். அதைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்தது.

இனி, நடந்தது.

மண்டையைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றார் இங்குள்ள மருத்துவர். அம்மாவின் இதயம் அதைத் தாங்குமா என்பது சந்தேகம் என்றும் அவரே சொன்னார். உன் மருத்துவமனை நிபுணர் முழுப் படங்களையும் பார்த்தால் வேறு வழி சொல்லக்கூடும் என்றாய் நீ. ஆனால் அவர் அன்று மாலை விமானம் ஏறுகிறார், வர ஒரு மாதமாகும். அம்மாவின் மூளை ரத்தக்குழாயில் இருக்கும் அந்தப் புடைப்பு ஒரு மாதம் பொறுத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. நான் போனில் பிடித்து அனுப்பிய நாலைந்து படங்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அவர் தள்ளிவிட்டார். முழுத் தொகுப்பு வேண்டும். அம்மாவின் தலை, மெல்லிய மெல்லிய வெட்டுகளாக, ஆயிரக்கணக்கில்.

எங்கள் கணினிப் பிரிவு இதே மருத்துவமனைக் கட்டடத்தின் அடித்தளத்தில், சலவை அறையை ஒட்டி இருக்கிறது. எந்நேரமும் வெந்த துணியின் வாசம். பிரிவின் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு. எதைக் கேட்டாலும் கடவுச்சொல். பிஸ்கட் டப்பாவுக்கும் ஒன்று வைத்திருப்பார் என்று பேச்சு. விடிந்ததும் அனுப்பத் தொடங்கினேன். நாளை சாயங்காலம் முடியும் என்றது திரை. கடல் தாண்டிப் போகுதும்மா, அவ்வளவுதான் வேகம் என்றார் பூட்டு.

நானும் நம்பினேன். மூன்றாவது மாடியில் அம்மா. கீழே நான், வேகத்தைக் காட்டும், தரையோடு கிடக்கும் ஒரு பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு.

பிறகு சும்மா, கையை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல், வழி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தேன். காலி. அக்கா, அது கிட்டத்தட்ட முழுக்கக் காலி. அகன்ற நெடுஞ்சாலையில் ஒரே ஒரு சைக்கிள்.

இயந்திரம் கொஞ்சம் அனுப்புகிறது. நிற்கிறது. உங்கள் பக்கத்து இயந்திரம் ‘கிடைத்தது’ என்கிறது. அந்த ஒரு சொல் கடல் தாண்டி வந்து சேரும்வரை இது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. வந்த பிறகு இன்னும் கொஞ்சம். மறுபடி நிற்கிறது. பதில் வராமல் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு உள்ளே ஓர் அளவு உண்டு. பக்கத்து அறைக்கு அனுப்புவதற்காக யாரோ எப்போதோ வைத்த அளவு. பக்கத்து அறையிலிருந்து பதில் கண்ணிமைப்பதற்குள் வந்துவிடும், அதனால் யாருக்கும் குறை தெரியவில்லை.

அளவைக் கூட்டினேன். ஒன்றும் மாறவில்லை. உட்கார்ந்து கையேட்டை மறுபடி படித்தேன். அனுப்புகிறவர் மட்டும் துணிந்தால் போதாது. வாங்குகிறவரும் ‘இவ்வளவு வந்தாலும் ஏந்திக்கொள்வேன்’ என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டேன். அறுவை அறைச் சீருடையோடு உங்கள் கணினிக்காரரிடம் ஓடியிருக்கிறாய். அவரிடம் என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. திரும்பக் கூப்பிட்டபோது உனக்கு மூச்சு வாங்கியது. ‘மாத்திட்டாரு’ என்று மட்டும் சொன்னாய்.

இன்னொன்று இருந்தது. அதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை. தொடர்பு தொடங்கும்போதே இரண்டு இயந்திரங்களும் அளவைப் பேசி முடித்துவிடுகின்றன. நடுவில் மாற்றினால் ஓடிக்கொண்டிருப்பதற்குத் தெரியாது. அறுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் பழைய மென்பொருளுக்கு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது. அதுவரை போன அத்தனையும் வீண்.

பூட்டு என்னைப் பார்த்தார். “அறுத்துட்டு அதே ஆமை வேகத்துல போச்சுன்னா என்னம்மா பண்ணுவ?” என்றார். தெரியலை சார் என்றேன். அது உண்மை. அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல ஒரு கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு, தன் கடவுச்சொல்லைத் தானே தட்டினார். “அம்மா உன்னோடது. அறுக்கறதும் நீயே அறு.”

அறுத்தேன்.

முதலிலிருந்து மறுபடி அனுப்பத் தொடங்கினேன். பச்சைக் கோடு எழுந்தது. எழுந்து, இறங்கவே இல்லை. பூட்டு எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார், டப்பாவையும் திறந்து வைத்தார். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்தில் சலவை இயந்திரம் சுற்றி நிற்கும் சத்தம்.

அதே கம்பி. அதே கடல். ஒளி முன்பு ஓடிய வேகத்தில்தான் அப்போதும் ஓடியது. மாறியது ஒன்றே ஒன்று, பதில் வரும் முன்பே எவ்வளவு கொடுத்துவிடத் துணியலாம் என்பது. அந்தச் சில நிமிடங்களில் ஏதோ ஒரு கணம், அம்மாவின் தலையில் ஒரு பங்கு இங்கேயும் இல்லை, உன்னிடத்திலும் இல்லை. கண்ணாடி இழையில் வெளிச்சமாக, மீன்களுக்குக் கீழே, இருட்டில் போய்க்கொண்டிருந்தது.

புடைப்புக்கு ஒரு சின்னக் கழுத்து இருக்கிறது, தொடை ரத்தக்குழாய் வழியாகவே போய் அடைத்துவிடலாம், மண்டையைத் தொட வேண்டாம் என்று உன் நிபுணர் சொன்னதை இங்குள்ள மருத்துவரும் ஒப்புக்கொண்டார். நாளைக் காலை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இப்போது தெரியாது.

படங்கள் போய்ச் சேர்ந்த கதையை அம்மாவிடம் சொன்னேன். என் மண்டையைக் கடல்ல முக்கி எடுத்தீங்களாக்கும் என்றாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “அவ பார்த்தாளா?” என்று கேட்டாள். டாக்டர் பார்த்தார் என்றேன். “டாக்டரை யாரு கேட்டா.”

நீ பார்த்தாயா?

விடுதி நாளிலிருந்து நமக்கு ஒரு வழக்கம். பதில் வந்த பிறகுதான் அடுத்த கடிதம். நீ அந்த நாட்டுக்குப் போன பிறகும் விடவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயின. தங்கையின் முறை என்று நீ இருந்தாய். உன் முறை என்று நான் இருந்தேன். வாசல்ல நின்னுக்கிட்டு நீ முதல்ல போ நீ முதல்ல போன்னு ரெண்டும் மழையில நனையுதுங்க என்று அம்மா நம்மைப் பற்றிப் பூட்டிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். பக்கத்து அறைக்குச் சரிப்பட்ட வழக்கம் அது.

இனி முறை பார்க்காதே அக்கா. கையில் இருப்பதை எழுது. ஒன்றிரண்டு தொலைந்தால் தொலையட்டும், மறுபடி எழுதிக்கொள்ளலாம். இந்தப் பக்கம் ஏந்திக்கொள்ள இடம் இருக்கிறது. அங்கே இருக்கும் படங்களிலாவது அம்மாவின் தலையை ஒருமுறை தொட்டுக்கொள்.

உன் தங்கை

(உறையின் பின்புறம்)

ஒட்டிவிட்டேன். கீழே போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, அம்மா கண் விழிப்பதற்குள் அடுத்ததைத் தொடங்குகிறேன்.