சாக்கடை வாழை

என் பிடிவாதக்கார மச்சானுக்கு,

நேற்று உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு படையலில் இல்லை, கோபித்துக்கொள்ளாதே. ஆனால் ஒரு சண்டை நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சண்டை இலையைப் பற்றி. கடலூர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியே விடுகிறார்களே, அந்தத் தண்ணீரைக் குழாய் போட்டு இழுத்து நீ வாழை வைத்தாய். அன்றிலிருந்து உன் தோட்டத்துக்கு ஊர் வைத்த பெயர் சாக்கடை வாழை. மற்றவர்கள் போர்க்கிணறு வற்றி வானத்தைப் பார்த்தபோது உன் வாழை மட்டும் கருகருவென்று நின்றது. "உரமும் அதுலயே வருது மச்சான், யூரியா பாதி போதும்" என்று சிரிப்பாய். பச்சையாகக் கடித்துத் தின்கிற வெள்ளரியை மட்டும் அந்தத் தண்ணீரில் நீ போட்டதே இல்லை. உன்னைத் திட்டியவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கவனம் இருந்தது?

சிதம்பரத்திலிருந்து வந்த உன் பெரியப்பா, செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "அந்த எலையில சோறு போட்டா ஒருத்தனும் கை நனைக்க மாட்டான். மொதல்ல அந்தக் கொழாயப் புடுங்கிப் போடு" என்றார் உன் பெண்டாட்டி செல்வியிடம். என் தங்கை அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். அந்தத் தோட்டத்தை விட்டால் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன இருக்கிறது?

அவரே ஆள் அனுப்பி, திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டிலிருந்து இலைக்கட்டு வரவழைத்தார். பந்தி உட்கார்ந்தது. அவர் இரண்டாம் முறை ரசம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அடுத்த பந்திக்குக் காத்திருந்த மார்க்கெட் இலைக்கடைக்காரர் என்னருகே வந்தார்.

"நேத்து சாயங்காலம் இந்தத் தோட்டத்துல அறுத்த கட்டத்தான் உங்க ஆளு காலையில வாங்கினு வந்தாரு. இங்க இருக்கறத எதுக்கு அங்க வந்து வாங்குனீங்க?"

அவர் மெதுவாகத்தான் கேட்டார். நான் பந்திக்கு நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி அதைச் சொன்னேன். துக்க வீட்டில் இது தகுமா என்றால், தகாதுதான். போகட்டும்.

இரண்டு பேர் எழுந்து போனார்கள். பெரியப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. செல்வி மோர் வாளியோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஊத்தட்டுமா மாமா? கொழாயப் புடுங்க மாட்டன். அவுரு வுட்ட எடத்துலேர்ந்து நான் பாத்துக்கறன்."

அவர் இலையைப் பார்த்தார். பிறகு மோருக்காகச் சோற்றில் குழி பறித்தார்.

இதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டாமா, பாவி?

செல்வியைத் தனியாக நிற்க விடமாட்டேன். அந்தக் குழாயை என் நிலத்துக்கும் நீட்டுகிறேன். சாக்கடை வாழையா என்று எவனாவது கேட்டால், "ஆமா, இப்ப ரெண்டு தோட்டம்" என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்