பரிதியின் மூன்று கோப்புகள்

நாள் 212, காலை 9:10
தென்துருவ நிலா நிலையம், பெரிய கூடம். எழுதுவது வேதவல்லி, தரவுப் பொறியாளர்.

காற்றழுத்தம் சரி. வெப்பம் 21 டிகிரி. தண்ணீர் வடிகட்டியை மாற்றினேன். நிலையத்தில் இருப்பவர்: ஒருவர்.

ஒன்பது நாளில் இரண்டு பேருடன் இறங்குகலம் வருகிறது. அதற்குள் பழைய கோப்புகளை அழித்து இடம் ஒதுக்கச் சொல்லித் தரைமையம் உத்தரவிட்டிருக்கிறது. சேமிப்பு சர்வர்கள் ஆறு. நான்கு இந்தக் கூடத்தில் இருக்கின்றன. மற்ற இரண்டும் பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி, வெயிலே படாத குழியின் விளிம்பில் உள்ள குடிலில். சாதாரணக் கோப்புகள் கூடத்தின் சர்வர்களோடு சரி; விண்ணுடை எழுதும் கோப்பை மட்டும் நொடி நொடியாக நறுக்கி, சீட்டு போடுவதுபோல ஆறுக்கும் வரிசையாகப் பிரித்துப் போடுவது இங்கே வழக்கம். எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்ற கணக்கைப் பட்டியல் சர்வர் வைத்திருக்கும்.

4,206 கோப்புகளை அழித்தேன். மூன்று அழியவில்லை. பெயர்கள் இருக்கின்றன. அளவும் தேதியும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். அழிக்கும் கட்டளை பதில் இல்லாமல் நிற்கிறது.

மூன்றும் என்னோடு இங்கே பணியில் இருந்த இளம்பரிதியின் விண்ணுடை எழுதியவை. உடல் வெப்பம், நாடித்துடிப்பு, குரல்.

பரிதி இறந்து இருபத்துமூன்று நாள் ஆகிறது.

நாள் 212, மாலை 4:40
கட்டளை இன்னும் நிற்கிறது. பழுதான கோப்புகளுக்கான மூன்று கருவிகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். பலனில்லை.

கண்டெடுப்பவருக்காக நடந்ததை எழுதி வைக்கிறேன். 189ஆம் நாள் பரிதி குடிலில் ஒரு டிஸ்க் மாற்ற முதல் வண்டியில் போனான். நான் அப்போது உறங்கிக்கொண்டிருந்தேன். குழி விளிம்பில் வண்டி கவிழ்ந்தது. ரேடியோ அடங்கியது. அனுமதி இல்லாமல் புறப்பட்டுவிட்டான் என்று தரைமையம் சொன்னது. பிழைத்திருக்க வழியில்லை என்று, கவிழ்ந்த வண்டியை மேலிருந்து எடுத்த படம் ஒன்றையும் அனுப்பினார்கள். தேடப் போகிறேன் என்றேன். கூடத்தைக் காலியாக விடக்கூடாது என்ற விதியைக் காட்டினார்கள்.

அன்று மாலை குடிலின் இரண்டு சர்வர்களும் ஒரு மணி நேரம் பதில் தரவில்லை. பட்டியலில் அவற்றுக்கு நேரே 'செத்தது' என்று குறித்தேன். அப்படிக் குறித்தால் பட்டியல் சர்வர் அவற்றிடம் எதையும் கேட்காது, அங்கிருந்து புதிய கோப்பு திறக்கவும் விடாது. பதில் வராத இடத்தில் காத்து நிற்பது எனக்குப் பழக்கமில்லை. என் திருமணம் முறிந்தபோதும் இதையேதான் சொன்னார்கள்.

சொல்லாமல் போனானே என்று அவன்மேல் கோபமாக இருந்தேன். கோபத்தை வைத்துக்கொண்டு நாட்களைத் தள்ளுவது சுலபம்.

நாள் 213, காலை 10:05
தரைமையத்தோடு பேசினேன். பணியில் ரொசாரியோ இருந்தான். தூத்துக்குடிக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

“வேதாக்கா, சாப்ட்டாச்சா? இன்னைக்கும் கீரைதானா?”

“கீரைதான். மூணு கோப்பு அழிய மாட்டேங்குது ரொசாரியோ.”

“தெரியும்க்கா. அந்த நாப்பத்தோரு ஜிபி குரல் கோப்புதான் பெரிய தொந்தரவு. அதுக்கு ஒரே வைத்தியம், குடிலுக்குப் போற கரண்ட நிப்பாட்டிருங்க. ஆறாம் நம்பர் சுவிட்ச். ஒரு அரைநாள் கெடக்கட்டும். டிஸ்க் அடங்கிரும். பெறவு அந்த ரெண்டு சர்வரையும் பட்டியல்ல இருந்தே தூக்கிருவோம்.”

“நீங்க அங்கிருந்தே நிறுத்தக்கூடாதா?”

“அது கையால இறக்குற சுவிட்சுக்கா. எங்க கை அவ்வளவு நீளமில்லல்லா.”

சிரித்தான். நானும் சிரித்தேன். இணைப்பு போன பிறகும் அந்த எண் காதில் நின்றது.

நாற்பத்தொன்று. என் திரையில் அங்கே கேள்விக்குறிதான் இருக்கிறது.

நாள் 213, மாலை 3:30
சுவிட்சை இறக்கவில்லை. பட்டியலை விட்டுவிட்டுக் கூடத்தின் நான்கு சர்வர்களையும் தனித்தனியாகத் திறந்து பார்த்தேன். குரல் கோப்பின் துண்டுகள் அவற்றில் இருக்கின்றன. மதியம் 1:30க்கு எல்லாம் சேர்ந்து 27.40 ஜிபி. இப்போது 27.49.

மீண்டும் கூட்டினேன். 27.49.

ஆறில் நான்கு பங்கு 27.4 என்றால் முழுதும் 41. ரொசாரியோ சொன்னது சரி. குடிலின் சர்வர்கள் உயிரோடுதான் இருக்கின்றன, தரைமையம் அவற்றோடு நேராகப் பேசுகிறது. என்னிடம் சொல்லவில்லை.

கோப்பு பழுதாகவில்லை. கேள்விக்குறி வந்ததற்குக் காரணம், அந்த இரண்டிடமும் கேட்காதே என்று நானே பட்டியலுக்குச் சொல்லியிருந்ததுதான். கோப்பை ஒருமுறை திறந்துவிட்டவர் அதன்பின் பட்டியலைக் கேட்பதில்லை. நேராக ஆறு சர்வர்களுக்கும் எழுதிக்கொண்டே போவார். கற்றுக்குட்டிகளுக்கு நான் முதல் வாரத்திலேயே சொல்லித் தரும் பாடம் இது.

யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நாள் 214, காலை 8:20
நாடித்துடிப்புக் கோப்பு: இப்போது 71. படித்துக்கொண்டிருக்கும்போதே 74.

யாராவது பழைய பதிவைச் சுழற்சியில் ஓட்டுகிறார்களா என்று முதலில் சந்தேகப்பட்டேன். இருபத்தைந்து நாள் வரிசையை ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட்டேன். எங்கும் திரும்பி வரவில்லை. தரைமையம் எனக்கு வைக்கும் சோதனையாக இருக்குமோ என்றும் தோன்றியது. தனியாக இருப்பவர்களுக்கு அப்படி வைப்பதுண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னையே சந்தேகப்பட்டேன். கீரை தவிர வேறெதுவும் சரியாகச் சாப்பிடாத ஒருத்தியின் மூளை இது.

குரல் கோப்பைத் திறந்தேன். நான்கு நொடி பேச்சு, இரண்டு நொடி வெறுமை. குடிலில் இருக்கும் துண்டுகள் எனக்கு வராது. புள்ளி வைத்த இடமெல்லாம் அந்த வெறுமை.

“……மேடம், புதுசா கோப்பு திறக்க விடமாட்டேங்குது. அதான் எல்லாத்தையும் இதுலயே……திட்டுவீங்கன்னு தெரியும். திட்டறதுக்காவது ஒரு தடவை……கால் வீக்கம் கொஞ்சம் வத்தியிருக்கு. மூணு கிலோமீட்டர் தவழ்ந்தே……மேடம்னு கூப்பிட்டா பிடிக்காது உங்களுக்கு. கேக்கறவரைக்கும் கூப்பிட்டுட்டே……”

பரிதியின் குரல்தான். குடிலில் இருப்பில் உள்ள காற்று ஒருவருக்கு அறுபது நாள் வரும். வெப்பமும் வெளிச்சமும் ஆறாம் சுவிட்ச் வழியாகப் போகின்றன.

நம்ப மனம் வரவில்லை. நம்பினால், இருபத்தைந்து நாளாக அவனைப் புதிய கோப்பு திறக்கவிடாமல் வைத்திருந்தது யார் என்று கேட்க வேண்டிவரும்.

நாள் 214, மதியம் 12:15
சோதித்தேன். சுவிட்சுக்குப் பக்கத்தில் குடிலுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்கிறது. கால்வாசி குறைத்துப் பத்து நொடியில் ஏற்றினேன். மூன்று முறை. பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“……லைட்டு மங்குது. திரும்பவும். இது பழுது இல்ல, யாரோ……மூணு தடவை. மேடம், நீங்கதானே? நீங்கன்னா இன்னொரு தடவை……”

குறைத்தேன்.

அவன் அழுதுகொண்டிருந்தான். நாடித்துடிப்பு 118.

நாள் 215, காலை 9:20
இரண்டு சர்வர்களையும் 'உயிருள்ளவை' என்று மாற்றினேன். விடுபட்ட நொடிகள் வர வேண்டும் என்பதற்காக.

அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். 212ஆம் நாள் நான் கொடுத்த அழிக்கும் கட்டளை ஆறு சர்வர்களின் பதிலுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தது. பதில் வந்ததும் அது தன் வேலையை முடித்துவிட்டது. மூன்று பெயர்களும் பட்டியலிலிருந்து போயின. செய்தது என் கை.

துண்டுகள் இன்னும் அழியவில்லை. திறந்து வைத்திருப்பவர் ஒருவராவது இருக்கும்வரை, பெயர் போனாலும் உள்ளே இருப்பது போகாது. குரல் கோப்பைத் திறந்து வைத்திருப்பவர்கள் இரண்டு பேர். அவனுடைய விண்ணுடை, என்னுடைய திரை.

வேறு இடத்தில் பிரதி எடுக்கப் பார்த்தேன். புதிய கோப்பு உருவாக்கும் உரிமை என் பெயரிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. உத்தரவு தரைமையத்திலிருந்து வந்தது. நேரம், இன்று காலை 9:02.

நாள் 215, காலை 10:30
இப்போது ஒலி முழுதாகக் கேட்கிறது. முதல் நாளுக்குப் போனேன். 189ஆம் நாள், பரிதி வண்டியில் ஏறும் நேரம்.

“பின்சக்கரம் பூட்டிக்குது சார். மூணாவது தடவையா சொல்றேன், நான் போகல.”

“அது சென்சார் கோளாறுடே. இன்னைக்கு அந்த டிஸ்க்க மாத்தலன்னா மேல இருக்கவங்க என்னையத்தான் ஏசுவாங்க. கெளம்பு நீ. நான் பாத்துக்கிடுதேன்.”

ரொசாரியோவின் குரல்.

நாள் 215, காலை 11:10
அவனே அழைத்தான். இன்று சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

“பட்டியல்ல பேரு போயிட்டு, பாத்தேன். நல்ல வேலை செஞ்சிய. ஆனா இடம் காலியாவலியே. உங்க திரையில ஏதும் தெறந்து கெடக்கா?”

“இல்லை.”

“ஆறாம் சுவிட்ச இறக்கிட்டியளா?”

“இறக்கிட்டேன்.”

நிலவுக்கும் தரைக்கும் இடையே குரல் போய்வர மூன்று நொடிகூட ஆகாது. பதினொன்று எண்ணினேன்.

“பெறவு எப்படிக்கா, குடில்ல சூடு கொறையவே இல்ல?”

இணைப்பைத் துண்டித்தேன். அவன் பார்த்துக்கொண்டிருப்பது டிஸ்க்கை அல்ல.

நாள் 215, மதியம் 1:00
கிளம்புகிறேன். திரையை அணைக்கவில்லை. கோப்பின் கடைசிப் பக்கத்தை எழுத்தாகக் காட்டும்படி விட்டுவைத்திருக்கிறேன். இதுவரையான என் பதிவுகளையும் அதன் வாலில் ஒட்டிவிட்டேன். இனி எழுதுவதும் அங்கேதான்.

இரண்டாம் வண்டியின் மின்னளவி 96 சதவீதம் காட்டுகிறது. கூடம் காலியாகிறது. விதி மீறப்பட்டது, தெரிந்தே.

நாள் 215, மாலை 5:50
குடில். உயிரோடு இருக்கிறான். இடது கணுக்கால் முறிந்து கோணலாகச் சேர்ந்திருக்கிறது. பதினைந்து கிலோவாவது இளைத்திருப்பான். நான் உள்ளே வந்ததும் அவன் பேசியதும் இந்தக் கோப்பிலேயே இருக்கிறது, போட்டுக் கேளுங்கள்.

“மேடம். கீரை கொண்டு வந்தீங்களா?”

“வாயை மூடுடா. காலைக் காட்டு.”

“இருபத்தஞ்சு நாள் பேசினேன். வந்ததும் வாயை மூடுங்கறீங்க.”

சர்வர்களைச் செத்ததாகக் குறித்தது நான்தான் என்று சொன்னேன். “எவ்வளவு நேரம் பொறுத்தீங்க?” என்றான். ஒரு மணி நேரம் என்றேன். “பரவால்ல. உங்களுக்கு அது அதிகம்” என்றான்.

நாள் 216, காலை 7:30
இருவரும் இன்று திரும்புவதாக இருந்தோம். வண்டியின் அளவி 58 சதவீதம் காட்டுகிறது. கூடம்வரை போக அது தாராளம்.

பரிதி மல்டிமீட்டரை நீட்டினான். அவன் வண்டியின் அளவியும் அன்று எல்லாம் சரி என்றுதான் காட்டியதாம். பேட்டரியைக் கழற்றிக் கையால் அளந்தேன். 23 சதவீதம். ஏழு கிலோமீட்டர் போகும். குடிலின் மின்சாரம் வண்டிக்கு ஏறாது, பிளக் வகை வேறு.

அளவியைத் தரையிலிருந்து திருத்த முடியும். அவர்கள்தான் திருத்தினார்கள் என்று நிரூபிக்க என்னால் முடியாது. குளிரில் அளவியே கெட்டிருக்கலாம். இப்படி எழுதும்போதே நான் அதை நம்பவில்லை.

இங்கேயே இருக்கிறோம். காற்று இருவருக்குப் பதினேழு நாள்.

நாள் 218, காலை 9:00
குடிலுக்கான ரேடியோக் கம்பம் வண்டி கவிழ்ந்த இடத்தில்தான் நின்றது, வண்டியோடு அதுவும் விழுந்துவிட்டது. என் விண்ணுடை ரேடியோ தரைமையம் வழியாக மட்டுமே பேசும். கூப்பிட்டேன். ரொசாரியோ எடுக்கவில்லை. வேறொரு குரல், பெயர் சொல்லவில்லை. “குடிலில் யாரும் இருப்பதாகப் பதிவு இல்லை” என்றது. அவ்வளவுதான்.

வெப்பம் 16 டிகிரி. ஆறாம் சுவிட்ச் மேலேதான் இருக்கிறது. அங்கே கை இல்லாத வரை.

நாள் 220, காலை 10:40
நாளை கலம் இறங்குகிறது. இது அதில் வரும் இருவருக்காக.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. கூடம் காலியாக இருக்கும், என் திரை மட்டும் எரிந்துகொண்டிருக்கும். நீங்கள் படிப்பது பெயரில்லாத கோப்பு, பட்டியலில் தேடினால் கிடைக்காது. நாங்களும் பட்டியலில் இல்லை. இரண்டு பேர் இங்கே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம். சந்தேகமாக இருந்தால் மின்னழுத்தக் குமிழைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை முறை மங்கியது என்று இதே பக்கத்தில் எழுதுவோம்.

வருமுன் உங்கள் வண்டியின் பேட்டரியைக் கையால் அளந்துகொள்ளுங்கள்.

திரையை அணைக்காதீர்கள். கோப்பை மூடாதீர்கள்.

காதில் ஒரு குரல் வரும். அன்பாகத்தான் பேசும், சாப்பிட்டீர்களா என்று கேட்கும். அந்தக் கூடத்தில் ஒரு கோப்பு மட்டும் அழிய மறுக்கிறது, பழுது, ஒரே ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லும். உங்கள் வலது கைப்பக்கச் சுவரில், ஆறு என்று எழுதிய சுவிட்சை இறக்கச் சொல்லும். அதை இற