நெஸ்தோர் தொடக் கூடாத கணினி

போசாதாஸ்
மே 18

அன்பு மகள் மைலேனுக்கு,

உன் பட்டியல் கிடைத்தது. கைப்பட எழுதி அனுப்பியதில் சந்தோஷம். நான் கைபேசியில் உனக்கு அனுப்பிய செய்தியை உன் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்துச் சிரித்தார்களே, அன்றிலிருந்து எனக்கு அந்தக் கருவியின் மேல் நம்பிக்கை போய்விட்டது. நீ சிரிக்கவில்லை என்று சொன்னாய். நம்புகிறேன். ஆனாலும் நமக்குக் கடிதமே போதும்.

கேம் விளையாடுவதற்கென்றே ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கி நீயே பூட்டப் போகிறாய் என்பது நல்ல யோசனை. பட்டியல்தான் சரியில்லை. ஐஸ்கிரீம் கடையில் வேலைக்கு நின்று சேர்த்ததை எல்லாம் கிராபிக்ஸ் கார்டில் கொட்டிவிட்டு, பவர் சப்ளைக்கு மிச்சம் மீதியை ஒதுக்கியிருக்கிறாய். மட்டமான பவர் சப்ளை சாகும்போது தனியாகச் சாகாது, பக்கத்தில் இருப்பதையும் கொண்டுபோகும். உன் வயதில் எல்லோரும் கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் செலவு செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். உன் அம்மாவைக் கேட்டால் பட்டியல் தருவாள்.

ஆகவே இப்படிச் செய்வோம். கார்டை மட்டும் உன் பணத்தில் அங்கேயே பழையதாகப் பார்த்து வாங்கு. மற்றதெல்லாம் என் பொறுப்பு. பாலத்தைத் தாண்டி, நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், என்கர்னாசியோனில் வாங்கினால் ஒரு பௌதிக ஆசிரியரின் சம்பளத்துக்கும் எட்டும். பஸ் பார்சலில் அனுப்பிவைக்கிறேன். கார்டின் நீளத்தை அளந்து எழுது. கேபினெட்டுக்குள் அது அடங்க வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. நெஸ்தோர் அதைத் தொடக் கூடாது. ஸ்க்ரூ டிரைவர்கூட அவருடையதாக இருக்கக் கூடாது, நானே ஒன்று சேர்த்து அனுப்புகிறேன். உன் அம்மாவைக் கட்டிக்கொண்டவர் அந்த வீட்டில் எல்லாவற்றையும் தொடட்டும். இது நான் உனக்குச் செய்வது.

குளிர் ஆரம்பித்துவிட்டது. கழுத்தை மூடிக்கொள்.

அன்புடன்
அப்பா

*

ரெசிஸ்தென்சியா
மே 30

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை மாடியில் தனியாக உட்கார்ந்துதான் படித்தேன். அது சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. போதுமா?

பவர் சப்ளை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ரோசியோவும் அதையேதான் சொன்னாள். எங்கள் அணியில் ஐந்து பேர், அவள்தான் தலைவி. வடகிழக்கு மாகாணங்களுக்கான போட்டியில் பெயர் கொடுத்திருக்கிறோம். முதல் தகுதிச் சுற்று ஜூலை நடுவில். தோற்றால் ஆகஸ்டில் இன்னொரு வாய்ப்பு, அதோடு சரி. இப்போது நான் தெருமுனை சைபர் கடையில் பயிற்சி செய்கிறேன். அங்கே யாராவது படம் பார்க்க ஆரம்பித்தால் இணையம் திணறி, ஆட்டத்தில் என் ஆள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான், எதிரி நிதானமாக வந்து சுட்டுவிட்டுப் போவான். "உங்க மைலே செத்துட்டா" என்று கடைக்காரரே அறிவிக்கிறார்.

கார்டு வாங்கிவிட்டேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். சரியான அளவைக் கீழே எழுதியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஒரு சந்தேகம். என் பட்டியலில் உள்ள மதர்போர்டு கொஞ்சம் முன்னால் வந்தது, பிராசசர் பிறகு வந்தது. போர்டின் பெட்டி மேல், புதிய பிராசசருக்குத் தயார் என்று ஒரு ஸ்டிக்கர் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் போர்டுக்கு அந்தப் பிராசசரைத் தெரியாதாம். பார்த்து வாங்குங்கள்.

நிபந்தனை நினைவிருக்கிறது. சுற்று முடிந்ததும் குளிர்கால விடுமுறைக்கு உங்களிடம் வருகிறேன். பத்து நாளாவது இருப்பேன்.

முத்தங்களுடன்
மைலேன்

*

போசாதாஸ்
ஜூன் 11

அன்பு மகளுக்கு,

இதோடு எல்லாம் வருகிறது. கேபினெட், பவர் சப்ளை, மதர்போர்டு, பிராசசர், இரண்டு ரேம், ஒரு எஸ்எஸ்டி. ஸ்க்ரூ டிரைவரைக் கேபினெட்டுக்குள் ஒட்டியிருக்கிறேன். பின்பக்கத்து அறையை உனக்காக ஒழித்துவிட்டேன். ஜன்னல் மட்டும் சரியாக மூடுவதில்லை, அதையும் பார்க்கிறேன்.

ஸ்டிக்கர் விஷயம் உனக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. ரோசியோ சொன்னதை ரோசியோ சொன்னாள் என்று எழுதுகிறாய். இதற்கு மட்டும் ஆள் பெயர் இல்லை. எனக்குப் புரியாமல் இல்லை.

அந்த யோசனைக்கு அவசியமும் இல்லை. போர்டின் சாக்கெட்டும் பிராசசரின் சாக்கெட்டும் ஒன்றே. நான் இணையத்தில் பார்த்து, கடையில் கேட்டு, எண்ணைச் சரிபார்த்தே வாங்கினேன். பெட்டியில் ஸ்டிக்கர் இருந்ததா என்றால், பெட்டியே இல்லை. சுங்கக்காரர் கண்ணில் படும்படி பெட்டியோடு யார் பாலத்தைத் தாண்டுகிறார்கள்? கடை வாசலில் காலிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்குக் கிடந்தன, நானும் போட்டுவிட்டு வந்தேன். போர்டை அதன் வெள்ளிப் பையோடு கம்பளிச் சட்டையில் சுற்றிப் பையின் அடியில் வைத்தேன். பிராசசர் என் சட்டைப் பாக்கெட்டில், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வந்தது.

கேபினெட்டை மட்டும் எங்கேயும் ஒளிக்க முடியாதே. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள், ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று புதுக் கோட்டுகளைப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்தாள். கேபினெட்டின் கண்ணாடிப் பக்கத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"மீன் தொட்டிங்களா?"

கணினிக்கான கூடு என்றேன்.

"அதானே. மீன் வாங்கக் காசு பத்தலையாக்கும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மாத்தே தேநீருக்குத் தண்ணீர் வைக்கும்போது கொஞ்சம் சிரிப்பு வந்தது, சொல்ல யாரும் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்
அப்பா

*

ரெசிஸ்தென்சியா
ஜூன் 26

அன்புள்ள அப்பா,

மீன் தொட்டி அழகாக இருக்கிறது. கார்டு உள்ளே கச்சிதமாக உட்கார்ந்தது. வயர்களை எல்லாம் பின்பக்கமாக இழுத்துக் கட்டியிருக்கிறேன், பார்த்தால் நீங்களே பாராட்டுவீர்கள்.

ஆனால் ஓடவில்லை, அப்பா. பொத்தானை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. ரோசியோவும் நானும் சனிக்கிழமை முழுவதும் போராடினோம். ரேமை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டோம். கார்டை அவள் கணினியில் மாட்டிப் பார்த்தோம், வேலை செய்கிறது. பவர் சப்ளையும் நன்றாக இருக்கிறது. மிச்சம் இருப்பது அந்த ஸ்டிக்கர் விஷயம்தான்.

ஆமாம், அதைச் சொன்னது நெஸ்தோர். பெயர் எழுதினால் நீங்கள் படிக்காமல் விட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அவர் கதவருகே இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டபடி நின்றார்.

"நான் தொடல, மைலே. உங்கப்பா கண்டிஷன் தெரியும். வாயால சொல்லலாமில்ல? என் மெஷின்ல இருக்கிறது இதே சாக்கெட், பழைய பிராசசர். கழட்டித் தரேன். நீயே மாட்டி, போர்டோட பயாஸ் சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணிட்டு, எனக்குத் திருப்பிக் குடுத்துடு. அப்புறம் போர்டு புதுசையும் ஏத்துக்கும். வேணும்னா அதுவரைக்கும் நான் தெருவுல போய் நிக்கிறேன்."

"தெருவுக்குப் போறதுதான் போற, அப்படியே ரொட்டி வாங்கிட்டு வா" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

அவர் நிஜமாகவே போய் ரொட்டி வாங்கிவந்தார். நான் எதையும் மாட்டவில்லை. உங்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன். அவருடைய பிராசசரை ஓர் அரைமணி நேரம் வைத்துக்கொள்ளட்டுமா? சுற்றுக்கு அதிக நாள் இல்லை. சீக்கிரம் எழுதுங்கள். போன் செய்தாலும் சரி. ஒரே ஒரு வார்த்தை போதும்.

மைலேன்

*

போசாதாஸ்
ஜூலை 5

மைலேனுக்கு,

வேண்டாம்.

ஒரு வார்த்தை கேட்டாய், எழுதிவிட்டேன். காரணமும் எழுதுகிறேன், பிறகு நான் பிடிவாதக்காரன் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்காதே.

அந்த மனிதர் நம் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்ய வந்தவர். அன்றைக்கும் வாசலில் கைகளைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்டார். நான்தான் வரச்சொன்னேன். அவர் எதையும் பிடுங்கியதில்லை, எதையும் உடைத்ததில்லை. அனுமதி கேட்டுக் கேட்டே எடுத்துக்கொள்கிறவர். கடைசியில் பார்த்தால் எல்லாம் அவரிடம் இருக்கும், குற்றம் சொல்ல ஒன்றும் இருக்காது. உன் பள்ளி முடிப்பு விழாவில் உன் இரண்டு பக்கமும் உன் அம்மாவும் அவரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பின்வரிசையில் நாற்காலி. அதற்கும் என்னிடம் அனுமதி கேட்டார், மரியாதையாக.

கழற்றித் தருவதும் தொடுவதுதான். அவருடைய பாகம் உள்ளே போன பிறகு படம் வந்தால், அந்தக் கணினியை ஓட வைத்தது அவர். நான் வாங்கிக்கொடுத்தவன், அவ்வளவுதான்.

போர்டு பழைய சரக்கு என்றால் நான் வேறு வழி பார்க்கிறேன். பெட்டியும் ரசீதும் இல்லாததால் கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள். அங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், கேட்டிருக்கிறேன். பொறுத்திரு. ஒரு சுற்று போனால் இன்னொன்று இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அப்பா

*

ரெசிஸ்தென்சியா
ஜூலை 22

அப்பா,

தோற்றுவிட்டோம். சைபர் கடையில்தான் ஆடினேன். மூன்றாவது ஆட்டம் வரை சமமாக இருந்தோம், அப்போது என் கணினி நின்றுபோனது. திரும்ப எழுந்து வருவதற்குள் நாலு பேராக ஆடி என் அணி தோற்றது. ரோசியோ என் மேல் கோபப்படவில்லை. "வீட்டுல ஒண்ணு சும்மாதானே இருக்கு, மைலே" என்று மட்டும் கேட்டாள்.

வாக்கை மீறவில்லை. நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன்.

எல்லாவற்றையும் கழற்றிச் சுற்றிப் பார்சலில் போட்டுவிட்டேன். ஸ்க்ரூ டிரைவரும் இருக்கிறது. கார்டு என்னுடையது, அதை வைத்துக்கொண்டேன். கோபத்தில் அனுப்பவில்லை. அந்தப் பெட்டி என் அறையில் இருந்தவரை, நெஸ்தோர் என் அறைப் பக்கமே வரவில்லை. அவருடைய வீட்டில் அவர் சுவர் ஓரமாக நடந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் என்னைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது, பள்ளி விழாவில் நான் நடுவில் உட்கார்ந்திருந்த வரி.

இனிமேல் நிபந்தனையோடு வருகிற எதையும் உங்களிடமிருந்து வாங்க மாட்டேன். நிபந்தனை இல்லாமல் அனுப்பினாலும், இப்போதைக்கு, நம்பிக்கை வராது. விடுமுறைக்கு வரவில்லை. பின்பக்கத்து அறைக்காகச் செலவு செய்ய வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைலேன்

*

போசாதாஸ்
ஆகஸ்ட் 9

திரு. நெஸ்தோர் அவர்களுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உங்களுக்குச் சந்தோஷம் வராது என்று தெரியும். எழுதுவதில் எனக்கும் இல்லை. வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் பட்டறை முகவரிக்கு அனுப்புகிறேன். மைலேன் இதைப் பார்க்கக் கூடாது. அவளுக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

நீங்கள் சொன்னது சரி. போர்டு பழைய சரக்கு. என்கர்னாசியோனில் ஒரு பழைய பிராசசர் வாங்கினேன். அதை வைத்து அப்டேட் செய்ததும் போர்டு புதியதையும் ஏற்றுக்கொண்டது. மாத்தேவுக்குக் காயவைத்த தண்ணீர் ஆறுவதற்குள் முடிந்த வேலை. படம் வருகிறதா என்று பார்க்க ஒரு கார்டு வேண்டியிருந்தது. எங்கள் தலைமை ஆசிரியரிடம் போய்ப் பள்ளி ஆய்வகத்துக் கார்டை இரவல் கேட்டேன். எனக்கு வர வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அவருக்கு நான் வணக்கம் சொன்னதில்லை. ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. படம் வந்தது.

எல்லாம் இந்தப் பார்சலில் இருக்கிறது. பூட்டியே அனுப்புகிறேன், அவள் கார்டை மட்டும் மாட்டினால் போதும். இதை நீங்கள் வாங்கியதாக அவளிடம் சொல்ல வேண்டும். கேபினெட்டை மாற்றியிருக்கிறேன், பக்கமெல்லாம் தகரம் உள்ள மட்ட ரகம். மற்ற பாகங்களைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வந்தால், பட்டியல் அவளுடையதுதானே, அதையே பார்த்து வாங்கினேன் என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வராது என்று, உங்களைக் கட்டிக்கொண்ட பிறகு கிரசியேலா என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள், என்னோடு ஒப்பிட்டுத்தான் சொன்னாள். இந்த ஒரு முறை சொல்லுங்கள். நீங்கள் அனுமதி கேட்டு எடுத்துக்கொள்கிறவர். இதற்கு நானே அனுமதி தருகிறேன்.

அவள் சுவிட்சைப் போடும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். முதல் தடவை திரை விழிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். ஓடவில்லை என்று நினைத்துவிடப் போகிறாள். கைகளைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களை நான் மன்னித்துவிட்டதாக நினைக்காதீர்கள். நன்றி என்று எழுதிவிடவும் வேண்டாம், அதைப் படிக்கும் நிலையில் நான் இல்லை.

இருபத்து மூன்றாம் தேதி இரண்டாவது சுற்று. ஜெயித்தாளா, தோற்றாளா என்றும் நீங்கள் தெரிவிக்க வேண்டியதில்லை. அந்த ஆட்டத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம்.

இப்படிக்கு
அன்செல்மோ க்ராவ்சுக்