முதலாவதா, இரண்டாவதா

மார்ச் 3
கண்ணாடிக் கடையின் பின்னறையில் இன்று பதினாறு பேருக்குக் கண் பார்த்தேன். "முதல்ல காட்டினதா, இப்ப காட்டுறதா, எது தெளிவு?" நாள் முழுக்க இதே கேள்வி. எனக்காவது கேட்பதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

மார்ச் 5
எனக்கு நிச்சயம் செய்திருக்கும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். நான்கு ஆண்டு ஒரு பெண்ணோடு வாழ்ந்தேன், அவளையும் காதலித்தேன், உங்களையும் காதலிக்கிறேன் என்று. பாலம் கட்டும் பொறியாளர், இதையும் தாங்கினார். "பொண்ணுதானே, விடு. ஆம்பளைன்னா யோசிச்சிருப்பேன்." நான்கு ஆண்டும் கணக்கில் இல்லையாம். பெருந்தன்மையைப் பார்த்தும் குமட்டுமா?

மார்ச் 6
அம்மாவுக்கு மகிழ்ச்சி. "அதான் சரியாயிட்டியேடி, இனி அந்தப் பேச்சு எதுக்கு?" காய்ச்சல் இறங்கிவிட்டதா என்று பார்ப்பதுபோல் நெற்றியைத் தொட்டாள்.

மார்ச் 9
முடி வெட்டப் போனேன். வெட்டுபவள் என் பழைய காதலியின் தோழி. "கடைசியில ஆம்பளைகிட்டயே போய்ச் சேர்ந்துட்டே. நாங்கள்லாம் பொழுதுபோக்கா?" பாதித் தலையோடு எழுந்து வரவும் முடியவில்லை.

மார்ச் 12
விருந்தில் அவருடைய நண்பன், பல் மருத்துவன், கண்ணடித்தான். "அந்தப் பொண்ணையும் கூப்பிடுங்க தங்கச்சி. மச்சான் குடுத்து வெச்சவன்!" தங்கச்சியாம். இவர் சிரித்தார் — சிரித்தார்! நம்பிச் சொன்னதைப் பந்தியில் பரிமாறியிருக்கிறார். சீ. வந்ததும் மூன்று முறை முகம் கழுவினேன். எனக்கு இந்த மனுஷனைப் பிடிச்சிருக்கே, அதான் எரியுது.

மார்ச் 13
கவனம் சிதறி, வில்லையை மாற்றாமலே கேட்டுவிட்டேன்: முதலாவதா, இரண்டாவதா? ஓய்வுபெற்ற நீதிபதி. நிதானமாக யோசித்து, "ரெண்டாவதும்மா, சந்தேகமே இல்ல" என்றார்.
இத்தனை காலம் எப்படித் தீர்ப்பு எழுதினாரோ.

மார்ச் 15
அவர் வந்தார். "சும்மா விளையாட்டுக்குச் சொன்னான். கல்யாணத்துக்கப்புறம் நீ யார்கிட்டயும் சொல்லாம இரு, போதும்."
"உங்க நண்பர்கிட்ட சொன்னது நானா?"
மோதிரத்தைக் கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

மார்ச் 16
அழுதேன்.

மார்ச் 28
"மறுபடியும் அந்தப் பொண்ணுகிட்டயா?"
"இல்லம்மா."
"அப்ப வேற மாப்பிள்ளை?"
"இப்போதைக்கு யாரும் இல்ல."
"அப்ப நீ என்னதான்டி?"
"அவர் இருந்தப்ப என்னவோ, அதேதான்."
அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 20
மூன்று வாரமாகப் பேசாத அம்மா கடைக்கு வந்தாள். எழுத்து மங்குகிறதாம். நாற்காலியில் உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றிக் காட்டினேன்.
"ரெண்டுமே நல்லாத்தான் தெரியுது" என்று இழுத்தாள். பிறகு, தாழ்ந்த குரலில்: "அப்படிச் சொல்லலாமா?"
"சொல்லலாம்மா" என்றபடி சீட்டில் குறித்துக்கொண்டேன்.