உருண்டை நாயின் எடை

ஏங்க, சோறு மேடையில மூடி இருக்கு. சாவி பக்கத்து வீட்ல.

உருண்டைக்கு ரத்தப் பரிசோதனையில ஒண்ணும் இல்லை. ஏன் சோர்ந்து கிடக்குன்னு டாக்டருக்கும் தெரியல. ஆனா அங்க எடை பார்த்தாங்க. பதினெட்டு கிலோ, போன வருஷம் இருந்த அதே எடை. ஞாயித்துக்கிழமை தோறும் நீங்க அதைத் தூக்கிக்கிட்டு மெஷின்ல ஏறி, உங்க எடை எழுபதைக் கழிச்சுத்தான் ஆறு கிலோ இளைச்சிடுச்சுன்னு சொல்றீங்கன்னேன். "நாய் இளைக்கலம்மா. தூக்கினவரைத் தனியா ஏறச் சொல்லுங்க"ன்னார்.

நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர்கிட்ட உங்க பேரைக் கொடுத்திருக்கேன். மனுஷ டாக்டர்.

பி.கு. நான் எதையும் கவனிக்கிறதில்லைன்னு நேத்து கத்தினீங்க. நீங்க பெல்ட்டுல புது ஓட்டை போட்டப்ப பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். ஏன்னுதான் கேட்கலை.